ஜோகூர் மண் கைமாறிய கதை: சிங்கப்பூர் முதல் நம்ம கோயில் வாசல் வரை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்க. போன பௌர்ணமி பூஜை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நம்ம கோயில் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு கேள்வி கேட்டார்கள். "அங்கிள், சிங்கப்பூர் முன்னே ஜோகூரோடதுதானாமே? அப்புறம் எப்படி போச்சு? சண்டையில தோத்துட்டாங்களா?"

சண்டையே நடக்கவில்லை என்பதுதான் பதில். காகிதத்தில் போனது. அன்றைக்கு அடுப்படியில் நின்று முழுக்கச் சொல்ல முடியவில்லை, அதனால் இப்போது எழுதுகிறோம். எழுத இன்னொரு காரணமும் இருக்கு, அது கடைசியில் வரும்.

நாங்கள் சரித்திரப் பேராசிரியர்கள் இல்லை. குழுவில் பாதிப் பேர் பாசிர் கூடாங் பக்கம் பேக்டரியில் வேலை, எஸ்.பி.எம்.-ஓடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆனால் சரக்கு கைமாறும் இடத்தில் முப்பது வருஷம் நின்று பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். லாரிக்காரர் வாயால் என்ன சொன்னாலும், டி.ஓ.-வில் என்ன எழுதியிருக்கு, யார் கையெழுத்து போட்டார் என்பதுதான் நிற்கும். ஜோகூர் சரித்திரத்தைப் படித்தபோது எங்களுக்கு அடிக்கடி அந்த டி.ஓ. புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

முதலில் ஒரு விஷயம். பழைய ஜோகூர் என்றால் இன்றைக்கு நாம் காரில் சுற்றுகிற மாநிலம் மட்டும் இல்லை. பகாங், சிங்கப்பூர், தெற்கே ரியாவ், லிங்கா தீவுகள் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கடல் ராஜ்யம். 1511-ல் போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். தப்பிய சுல்தான் மஹ்மூட் ஷா பிந்தான் தீவில் இருந்து பார்த்தார், அங்கேயும் விடவில்லை. கடைசியில் சுமத்ராவில் கம்பார் என்ற இடத்தில் 1528-ல் காலமானார். அவருடைய மகன் அலாவுதீன் ரியாயாட் ஷாதான் ஜோகூர் ஆற்றங்கரைக்கு வந்து புதிதாக ஆட்சியைத் தொடங்கினார். அதாவது, ஜோகூர் என்பதே நிலத்தை இழந்தவர்கள் வந்து ஊன்றிய ராஜ்யம்.

கோத்தா திங்கி அருவிக்குப் போகும் நம்ம குடும்பங்கள் ஜோகூர் லாமா பக்கமும் ஒருமுறை போய் வரலாம். அங்கே இருந்த கோட்டையை 1587-ல் போர்த்துகீசியர்கள் அழித்தார்கள். அதற்கப்புறம் தலைநகரம் ஆற்றை ஒட்டியே இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருந்தது. 1641-ல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தபோது ஜோகூர் டச்சுக்காரர்கள் பக்கம் நின்றது. அதில் ஜோகூருக்குக் கொஞ்ச காலம் நல்ல மரியாதையும் வியாபாரமும் கிடைத்தது.

பிறகு 1699. இந்த வருஷத்தை மறக்கக்கூடாது. சுல்தான் மஹ்மூட் ஷா இரண்டாமவர் கோத்தா திங்கியில் தொழுகைக்குப் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்டார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அரசரின் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை ஆசைப்பட்டுச் சாப்பிட்டாள், அதற்காக அவளுக்குக் கொடூரமான தண்டனை, அவளுடைய கணவர் மெகாட் ஸ்ரீ ராமா பழி தீர்த்தார் என்பது மலாய்க்காரர்கள் சொல்லிவரும் கதை. அந்த சுல்தானின் சமாதி இன்றும் கோத்தா திங்கியில் கம்போங் மக்காமில் இருக்கு. பெயரே 'பல்லக்கில் மாண்டவர்' என்றுதான். கேட்கிற நமக்கு ஒரு பலாச்சுளைக் கதை, ஆனால் அதன் விளைவு பெரிது. அவருக்கு வாரிசு இல்லை. மலாக்கா காலத்திலிருந்து வந்த நேர் ராஜ வம்சம் அதோடு நின்றது. முதலமைச்சர் மாதிரி இருந்த பெண்டஹாரா அப்துல் ஜலீல் சுல்தான் ஆனார். "இவர் உண்மையான வாரிசா?" என்ற கேள்வி அன்றிலிருந்து ஜோகூர் அரண்மனைக்குள் புகுந்தது.

அதை வைத்துத்தான் 1718-ல் ராஜா கெச்சில் என்பவர் "நான்தான் மாண்ட சுல்தானின் மகன்" என்று சொல்லிக்கொண்டு சியாக்கிலிருந்து வந்து ஆட்சியைப் பிடித்தார். 1722-ல் பூகிஸ் வீரர்கள் அவரைத் துரத்திவிட்டு சுலைமானை சுல்தான் ஆக்கினார்கள். உதவிக்கு வந்தவர்கள் சும்மா போவார்களா? துணை அரசர் பதவி அவர்களுக்கே என்று ஆகிவிட்டது. அரசாங்கம் ரியாவில் நடந்தது. சுல்தான் ஒருத்தர், பூகிஸ் துணை அரசர் ஒருத்தர், பகாங்கைப் பார்த்துக்கொள்ள பெண்டஹாரா, ஜோகூர் நிலப்பகுதியையும் சிங்கப்பூரையும் பார்த்துக்கொள்ள தெமெங்கோங். இந்தக் கடைசிப் பதவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. இன்றைய ஜோகூர் அரச குடும்பம் அந்த தெமெங்கோங் வழியில் வந்ததுதான்.

இனி பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1812-ல் சுல்தான் மஹ்மூட் ஷா மூன்றாமவர் லிங்காவில் காலமானார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஹுசேன், துங்கு லோங் என்று கூப்பிடுவார்கள். இளையவர் அப்துல் ரஹ்மான். தந்தை காலமான நேரத்தில் மூத்தவர் கல்யாணத்துக்காகப் பகாங்கில் இருந்தார். பூகிஸ் தரப்பு இளையவரை உட்கார வைத்துவிட்டது. மூத்தவர் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஆனால் ஒரு சிக்கல். அரச சின்னங்கள் எல்லாம் மறைந்த சுல்தானின் துணைவியார் எங்கு புத்ரி ஹமீதாவிடம் பெஞெங்காட் தீவில் இருந்தன. அந்த அம்மையார் அதைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அரச சின்னம் இல்லாமல் முறைப்படி முடிசூட்ட முடியாது. கலசம் இல்லாமல் கும்பாபிஷேகம் செய்ய முடியுமா, அந்த மாதிரி. கடைசியில் 1822-ல் டச்சுக்காரர்கள் வலுக்கட்டாயமாக எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தனை ஆண்கள் நிறைந்த இந்தக் கதையில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தவர் இந்த அம்மையார்தான்.

அதற்குள் ஆங்கிலேயர்கள் வந்துவிட்டார்கள். 1819 ஜனவரி கடைசியில் ராபிள்ஸ், பர்குவார் இருவரும் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கினார்கள். அங்கே இருந்தவர் தெமெங்கோங் அப்துல் ரஹ்மான். (இளைய சுல்தானுக்கும் இதே பெயர்தான், ஆள் வேறு, குழம்பிவிடாதீங்க.) லிங்காவில் இருக்கும் சுல்தானிடம் கேட்டால் டச்சுக்காரர்கள் விடமாட்டார்கள் என்று ராபிள்ஸுக்குத் தெரியும். அதனால் மூத்தவர் துங்கு லோங்கை ரியாவிலிருந்து வரவழைத்து, "நீங்கள்தான் உண்மையான சுல்தான்" என்று 1819 பிப்ரவரி 6-ம் தேதி பட்டம் கட்டி, அன்றைக்கே அவரோடு ஒப்பந்தம் போட்டார். வாங்க வந்தவரே நில உரிமையாளர் யார் என்று அறிவித்துவிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குகிறார். இப்படி ஒரு சாமர்த்தியம்! மூத்த மகனுக்கு நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ராபிள்ஸ் நியாயத்துக்காக வரவில்லை.

அந்த 1819 ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தீவை விற்கவில்லை. கம்பெனி ஒரு வியாபாரக் கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். அதற்கு சுல்தானுக்கு வருஷத்துக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000. அந்த வருஷம் ஜூன் மாதம் எல்லையும் பேசி வைத்தார்கள். மேற்கே தஞ்சோங் மாலாங், கிழக்கே தஞ்சோங் காத்தோங், உள்ளே பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு தூரம். நில அளவைக்காரர் இல்லாத காலத்தில் பீரங்கியே அளவுகோல்.

இந்த நேரத்தில்தான் நம்ம ஆள் ஒருத்தர் வருகிறார். 1819 மே மாதம் ராபிள்ஸ் இரண்டாவது முறை வந்தபோது பினாங்கிலிருந்து கூடவே வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைத்தார், கட்டுமான வேலை எடுத்துச் செய்தார். கோயிலுக்கு நிலம் கேட்டார். முதலில் தெலுக் ஆயர் பக்கம் கொடுத்தார்கள், அங்கே பூஜைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து ஸ்டாம்போர்ட் கால்வாய்ப் பக்கம். அதுவும் நகரத் திட்டத்தில் வேறு காரியத்துக்குப் போய்விட்டது. கடைசியில் 1823-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்து, 1827-ல் மரமும் கீற்றுமாக மாரியம்மன் கோயில் எழும்பியது. இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறாள் அம்மன். மூன்றாவது நிலத்தில் நிலைத்தாள் என்று சொல்லலாம். அந்த மனுஷர் முதல் இரண்டு தடவையும் சலித்துப்போய் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொருத்தரும் இருக்கிறார். ராபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா. மலாக்காக்காரர், அரபு, தமிழ் இரண்டு வழியும் கலந்த குடும்பம், தமிழும் படித்தவர். அந்தக் காலத்துச் சிங்கப்பூரைக் கண்ணால் பார்த்து 'ஹிகாயாட் அப்துல்லா' என்ற புத்தகத்தில் மலாயில் எழுதி வைத்தார். வெள்ளைக்காரர்கள் எழுதியதோடு நம்ம பக்கத்து ஆள் எழுதியதும் இருக்கு என்பதில் நமக்கு ஒரு சந்தோஷம்.

சரி, காகிதத்துக்குத் திரும்புவோம். 1823 ஜூன் மாதம் ராபிள்ஸ் இன்னொரு ஏற்பாடு செய்தார். கப்பல்களிடமிருந்து வரும் வரும்படியை விட்டுக்கொடுத்து, தங்களுக்கென்று ஒதுக்கிய இடம் தவிர மற்ற தீவை ஆங்கிலேயர் பொறுப்பில் விடவேண்டும். பதிலுக்கு சுல்தானுக்கு மாதம் 1,500 வெள்ளி, தெமெங்கோங்குக்கு 800. அனுமதி கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாக மாறுவதைப் பாருங்க.

1824 மார்ச் 17. லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உட்கார்ந்து கடலில் கோடு போட்டார்கள். மலாக்கா ஆங்கிலேயருக்கு, சுமத்ராவில் இருந்த பெங்கூலன் டச்சுக்காரருக்கு. சிங்கப்பூர் நீரிணைக்குத் தெற்கே உள்ள தீவுகளில் ஆங்கிலேயர் தலையிடக்கூடாது, மலாய் தீபகற்பத்தில் டச்சுக்காரர் தலையிடக்கூடாது. ஒரே ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். அந்த மேசையில் ஜோகூர்க்காரர் ஒருத்தர் கூட இல்லை. இன்றைக்கு பாத்தாமுக்கு பெர்ரி எடுக்கும்போது பாஸ்போர்ட் காட்டுகிறோமே, அந்தக் கோட்டின் ஆரம்பம் இதுதான்.

அதே வருஷம் ஆகஸ்ட் 2. சிங்கப்பூரில் இரண்டாவது ரெசிடெண்டாக இருந்த ஜான் கிராபர்ட் முடிவான ஒப்பந்தத்தைப் போட்டார். சுல்தான் ஹுசேனுக்கு 33,200 ஸ்பானிய வெள்ளி, ஆயுள் முழுக்க மாதம் 1,300. தெமெங்கோங்குக்கு 26,800, மாதம் 700. பதிலுக்கு சிங்கப்பூர் தீவும், அதன் கரையிலிருந்து பத்து மைல் சுற்றளவில் உள்ள கடலும் சிறு தீவுகளும் கம்பெனிக்கு என்றென்றைக்கும் சொந்தம். மாதப் பணத்தைப் பாருங்க, போன வருஷம் 1,500, இப்போது 1,300. 800 என்றது 700 ஆனது. முழுத் தீவையும் கொடுத்த பிறகு மாதச் சம்பளம் குறைகிறது!

அரசர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் நிலைமையில் யார் இருந்தாலும் திணறியிருப்பார்கள். ஒரு பக்கம் டச்சுக்காரர், ஒரு பக்கம் கம்பெனி, கையில் வேறு வருமானம் இல்லை. உலகமே அந்தக் காலத்தில் அப்படித்தான் நிலம் வாங்கி விற்றது. 1803-ல் அமெரிக்கா லூசியானா என்ற மிகப்பெரிய நிலப்பரப்பை பிரான்சிடமிருந்து வாங்கியது. 1867-ல் அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கே காலம் காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. இங்கே படகிலேயே வாழ்ந்த ஓராங் லாவுட் மக்களையும் யாரும் கேட்கவில்லை.

சுல்தான் ஹுசேன் 1835-ல் மலாக்காவில் காலமானார். தெங்கேரா மசூதியில் அவருடைய சமாதி இருக்கு. தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் அதற்கு முன்பே, 1825-ல் போய்விட்டார்.

அவருடைய மகன் டாயேங் இப்ராஹிம் காலத்தில்தான் கதை திரும்புகிறது. சிங்கப்பூர் போய்விட்டது, ஜோகூர் நிலம் முழுக்கக் காடு. அந்தக் காட்டை வருமானம் ஆக்க ஒரு வழி கண்டார். அதுவும் காகிதம்தான்! ஓர் ஆற்றங்கரையைத் திறந்து மிளகும் காசுக்கட்டியும் பயிரிட சீனர்களுக்கு 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுச் சீட்டு, எழுதிக் கொடுத்தார். சீட்டு வைத்திருப்பவர் காங்சூ. அவர் குடியேறிய துறைதான் காங்கார். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று பஸ்ஸில் பார்க்கிறோமே, அந்தப் பெயரெல்லாம் அப்படி வந்தவை. சீட்டு எந்த ஆறு, எவ்வளவு வரி, யார் பொறுப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும். நிலம் அரசருடையதாகவே இருக்கும். விற்காமலே நிலத்தைப் பயனுக்குக் கொண்டுவரும் முறை. 1917-ல்தான் இந்த முறையை எடுத்தார்கள்.

1855 மார்ச் 10. சுல்தான் ஹுசேனின் மகன் சுல்தான் அலியும் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிமும் ஒப்பந்தம் செய்தார்கள். ஜோகூர் ஆட்சி முழுவதும் தெமெங்கோங்குக்கு. பதிலுக்கு அலிக்கு 5,000 வெள்ளி ரொக்கம், மாதம் 500 வெள்ளி, சுல்தான் என்ற பட்டம், கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் நடுவில் உள்ள பகுதி மட்டும் அவருக்கு. அதே 1855-ல் தஞ்சோங் புத்ரி என்ற இடத்தில் புது ஊர் தொடங்கியது. அதற்குப் பின்னாளில் வந்த பெயர்தான் ஜோகூர் பாரு. நாம் தினமும் ஜாமில் மாட்டிக்கொள்கிற ஊருக்கு வயது 170-தான்.

சுல்தான் அலிக்குப் பணக் கஷ்டம். சிங்கப்பூரில் வட்டிக்கு விட்டுவந்த செல்லப்பா என்ற இந்தியரிடம் மூவாரையே ஈடு காட்டிக் கடன் வாங்கும் அளவுக்குப் போனது. 1877-ல் அலி காலமானதும் மூவார் தலைவர்கள் ஜோகூர் பக்கம் சாய்ந்தார்கள். அலியின் மகன் துங்கு அலாம் தரப்பு ஒப்புக்கொள்ளாமல், 1879-ல் ஜெமெந்தாவில் சண்டை நடந்தது. சண்டை முடிந்து மூவார் ஜோகூரோடு சேர்ந்தது. 1884-ல் பண்டார் மஹாராணி என்று மூவார் பட்டணம் திறக்கப்பட்டது. பகாங் பக்கத்து எல்லைக்கும் தகராறு இருந்தது. 1868-ல் ஆளுநர் ஓர்ட் தீர்ப்புச் சொல்லி எண்டாவ் ஆற்றை எல்லையாக்கினார். வடக்கே உள்ள தீவுகள் பகாங்குக்கு, தெற்கே உள்ளவை ஜோகூருக்கு. தியோமான் பகாங்கில் இருப்பதற்குக் காரணம் அந்தத் தீர்ப்பு.

இந்தக் காலத்தில் ஜோகூரை ஆண்டவர் டாயேங் இப்ராஹிமின் மகன் அபு பக்கார். 1862-ல் தெமெங்கோங், 1868-ல் மஹாராஜா, 1885 டிசம்பர் 11-ம் தேதி லண்டன் ஒப்பந்தத்தில் 'ஜோகூர் சுல்தான்'. ஆங்கிலம் படித்தவர், விக்டோரியா மகாராணியைப் பார்த்தவர், வெள்ளைக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி எழுதுவார்கள் என்று தெரிந்தவர். அவருடைய தாத்தா கையெழுத்து போட்ட காகிதத்தில் சிங்கப்பூர் போனதை அவர் மறந்திருப்பாரா?

1895 ஏப்ரல் 14-ம் தேதி அவர் ஜோகூருக்கு எழுத்தில் ஓர் அரசியல் சட்டம் கொடுத்தார். மலாய் மாநிலங்களில் இதுதான் முதலாவது. அதில் 15-ம் விதியை நாங்கள் இரண்டு மூன்று தடவை படித்தோம். ஜோகூரை ஆளும் எந்த அரசரும் இந்த நாட்டையோ அதில் ஒரு பகுதியையோ வேறு எந்த வல்லரசுக்கும் கொடுக்கக்கூடாது, கொடுப்பதாக ஒப்பந்தமும் செய்யக்கூடாது என்பது அதன் பொருள். தனக்கும் தன் பிள்ளைக்கும் பேரனுக்கும் சேர்த்து ஓர் அரசர் தானே போட்ட பூட்டு. 1824-க்கும் 1895-க்கும் நடுவில் 71 வருஷம். சட்டம் கொடுத்த இரண்டு மாதத்துக்குள், ஜூன் 4-ம் தேதி, அவர் லண்டனில் காலமானார்.

அந்தப் பூட்டு எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. 1914-ல் சுல்தான் இப்ராஹிம் காலத்தில் ஆங்கிலேய பொது ஆலோசகர் வந்து உட்கார்ந்தார், நிர்வாகம் கைமாறியது. ஆனாலும் மண் ஜோகூர் மண்ணாகவே இருந்தது.

பத்து பூத்தே விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஜோகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல் தூரத்தில் ஒரு பாறை. 1824 ஒப்பந்தத்தில் சொன்ன பத்து மைலுக்கு வெளியே இருக்கு, அதனால் அது சிங்கப்பூரோடு போகவில்லை. ஆங்கிலேயர்கள் அங்கே கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851-ல் எரியத் தொடங்கியது. விளக்கை சிங்கப்பூர் பார்த்துக்கொண்டது. 1953-ல் சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது, இந்தப் பாறை யாருடையது என்று கேட்டு. அந்த செப்டம்பர் 21-ம் தேதி ஜோகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார். பத்து பூத்தேவின் உரிமையை ஜோகூர் அரசாங்கம் கோரவில்லை என்று. அவ்வளவுதான் பதில்.

55 வருஷம் கழித்து ஹேக் நகரில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23-ம் தேதி தீர்ப்பு சொன்னது. ஆதியில் அது ஜோகூருக்குச் சொந்தம் என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கடிதமும், அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் நடந்துகொண்ட விதமும் சேர்ந்து 1980-க்குள் உரிமை சிங்கப்பூருக்குப் போய்விட்டது என்றார்கள். 12 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். பக்கத்தில் உள்ள மிடல் ராக்ஸ் மலேசியாவுக்குக் கிடைத்தது. முதலில் யாருடையது என்ற கேள்வியில் நாம் ஜெயித்தோம், நிலம் கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எங்கள் குழுவில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே நினைப்பு, நம்ம கோயில்.

ஜோகூர் பாரு அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911-ல் எழுந்தது. சுல்தான் இப்ராஹிம் காலம். நிலம் கொடுத்த அரசருக்கு நன்றியாகத்தான் மாரியம்மன் பெயருக்கு முன்னால் 'ராஜ' வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பட்டணத்துக் கோயில். தோட்டத்துக் கோயில்கள் கதை வேறு. பால்மரம் வெட்ட வந்தவர்கள் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் வைத்து கும்பிட்டார்கள். தோட்ட மேனேஜரிடம் கங்காணி போய்க் கேட்டார், அவர் தலையை ஆட்டினார். யாரும் எழுதி வாங்கவில்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. பிறகு தோட்டம் விற்கப்பட்டது, பால்மரம் செம்பனை ஆனது, செம்பனை தாமான் ஆனது. ஒவ்வொரு முறை நிலம் கைமாறும்போதும் பட்டாவில் கம்பெனி பெயர் மாறியது. அம்மன் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை.

"நாங்க எண்பது வருஷமா இங்கே இருக்கோம், எங்களை யார் எழுப்ப முடியும்?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் மனசு எங்களுக்குப் புரியுது. ஆனால் 1965-ன் தேசிய நிலச் சட்டம் 48-ம் பிரிவில், அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் இருந்த காரணத்துக்காக உரிமை வராது என்று எழுதியிருக்கு. தனியார் பட்டா நிலத்துக்கும் 341-ம் பிரிவு அதே மாதிரிதான் சொல்கிறது. பட்டாவில் பதிந்த பெயர்தான் செல்லும். தற்காலிக லைசென்ஸ் என்றாலும் வருஷக் கடைசியில் காலாவதி, மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதனால் காலக் கணக்கை மட்டும் வைத்து நாம் பேச முடியாது. ஆனால் இத்தனை காலம் இங்கே ஒரு வழிபாடு நடந்திருக்கு, இத்தனை குடும்பம் இதைச் சார்ந்து இருக்கு, முன்பு நிலம் வைத்திருந்தவர்கள் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால், மாநில அரசாங்கத்திடம் மனு கொடுக்கவும் நிலக்காரரோடு உட்கார்ந்து பேசவும் கையில் ஏதாவது இருக்கும்.

இப்போது எழுதிய காரணத்தைச் சொல்கிறோம். நம்ம ஆலயம் இருக்கும் நிலத்தை இப்போது வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் வந்திருக்கு. மிரட்டல் இல்லை, பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆலயத்துக்கென்று ஒரு துண்டைப் பிரித்துக் கொடுப்பதா, வேறு இடம் காட்டுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. நிர்வாகத்தின் கையில் இருப்பது தோட்டத்துக் கிராணி எழுதிய ஒரு கடிதம், எல்.எல்.என். காலத்து கரண்ட் பில் சில, ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழ். அவ்வளவுதான்.

மீதி உங்கள் வீட்டில் இருக்கலாம். தாத்தா பாட்டி இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்க. கோயில் முன்னால் எடுத்த கல்யாண போட்டோ, பின்னால் தேதி எழுதியிருந்தால் ரொம்ப நல்லது. தோட்டத்துச் சம்பள அட்டை. திருவிழாவுக்கு லீவு கொடுத்த மேனேஜர் நோட்டீஸ். கோயில் பெயரில் கொடுத்த நன்கொடை ரசீது. தீமிதிக்குப் போலீஸ் கொடுத்த பெர்மிட். கங்காணி குடும்பத்தில் யாராவது இருந்தால், மேனேஜரிடம் அன்றைக்கு யார் போய்க் கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை எழுதிக் கையெழுத்து போட்டுத் தாங்க. மலாயில் எழுதிய காகிதம், ஜாவி எழுத்தில் இருக்கும் காகிதம், எது என்று புரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடாதீங்க, கொண்டு வாங்க.

வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை 9 மணியிலிருந்து மதியம் அன்னதானம் வரைக்கும் மண்டபத்தில் இடது பக்கம் மேசை போட்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். வேலை சிப்ட் காரணமாக வரமுடியாதவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது குருக்களிடம் சொல்லிவிடுங்க, நாங்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறோம். அசலை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். நகல் எடுத்து, உங்கள் பெயரை நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அசலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.